சூடே வராத ஆட்டோ ஏசி, டேஷ்போட்டுக்குள் "டக் டக்" சத்தம்: மோட்டாரா, முழு யூனிட்டா?

லிந்துலை மூடுபனி:

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது ஜப்பானில் இருந்து வந்த சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக், ஆட்டோ ஏசி. பிராண்ட் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் "அதை வித்துட்டு இதை வாங்கு" என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். இங்கே அது நடக்காத இழையே இல்லை.

வெப்பநிலையை 25, 28 என்று எவ்வளவு ஏற்றினாலும் குளிர் காற்றுத்தான் வருகிறது. ஃபேன் எல்லா ஸ்பீடிலும் ஓடுகிறது. சாவியை ஓனில் போட்டதும் ரேடியோவுக்குக் கீழே எங்கோ "டக் டக் டக்" என்று கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். சூட்டைக் கூட்டினால் மறுபடி அடிக்கும். கொழும்புப் பக்கம் ஓட்டும்போது இது ஒரு குறையாகவே தெரியவில்லை. விடியற்காலையில் தலவாக்கலையில் இருந்து நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் தெரிகிறது. முன் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாக மூடிக்கொள்கிறது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி.

ஒரு கராஜில் காட்டினேன். டேஷ்போட்டை முழுசாக இறக்க வேண்டும், யூனிட்டோடு மாற்ற வேண்டும், கேஸும் விட வேண்டும் என்றார்கள். சொன்ன கூலியைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கொழும்பில் இருக்கிற மச்சான், "நம்ம நாட்டுக்கு ஹீட்டர் எதுக்கு? அப்படியே விட்டுட்டு ஓட்டு" என்கிறான். எது சரி?

ராகலை ஹயர் வேன்:

முதல்ல கேஸ் செக் பண்ணுங்க. போன வருஷம் என் வேனுக்கும் ஏசி சரியில்லை, கேஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

பழைய கியர், கம்பளை:

கேஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கேஸ் குறைந்தால் குளிர் போகும். தம்பிக்குக் குளிர் நன்றாக வருகிறது, சூடுதான் வரவில்லை. சூட்டைத் தருவது என்ஜினைச் சுற்றிவரும் கூலன்ட், கேஸ் இல்லை.

டேஷ்போட்டுக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. நம்ம ஊர் வண்டிகளில் இடது பக்கம், குளோவ் பொக்ஸுக்குப் பின்னால் ஃபேன். அது தள்ளும் காற்று முதலில் குளிர் கொயிலைத் தாண்டும். அதற்கு அடுத்து ஹீட்டர் கோர், அதாவது சூடான கூலன்ட் ஓடுகிற சின்ன ரேடியேட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃபிளாப் நின்று, எவ்வளவு காற்று ஹீட்டர் கோர் வழியாகப் போகவேண்டும், எவ்வளவு ஒதுங்கிப் போகவேண்டும் என்று பிரித்துவிடும். அதை ஆட்டுவது ஒரு சின்ன சர்வோ மோட்டார், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. அதேபோல காற்று முகத்துக்கா, காலுக்கா, கண்ணாடிக்கா என்று மாற்ற இன்னொன்று. வெளிக்காற்றா, உள்காற்றா என்று மாற்ற மூன்றாவது. சாரதிக்கும் பக்கத்து சீட்டுக்கும் தனித்தனி சூடு வைக்கிற வண்டிகளில் இன்னும் ஒன்று கூடும்.

டக் டக் கேட்பது ஒரு வகையில் நல்ல செய்தி. மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, கொம்பியூட்டர் ஆணை கொடுக்கிறது, மோட்டாரும் சுற்றுகிறது. உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கியரில் பல் போய் வழுக்குகிறது, இல்லாவிட்டால் ஃபிளாப் எங்கேயோ இறுகி நிற்கிறது. இந்த இரண்டில் ஒன்று. சாவி போட்டதும் அடிப்பது, கொம்பியூட்டர் ஃபிளாப்பின் இரண்டு எல்லையையும் தேடிப் பார்க்கும்போது வருகிற சத்தம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. என்ஜின் நன்றாகச் சூடானதும் பொனட்டைத் திறந்து, என்ஜினுக்குப் பின்னால் தகட்டுச் சுவரைத் துளைத்து உள்ளே போகும் இரண்டு ரப்பர் குழாய்களைப் பாருங்கள். துணி வைத்துத் தொடுங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் ஹீட்டர் கோர் வரை சூடு வந்துவிட்டது, குற்றம் ஃபிளாப் பக்கம். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோர் அடைத்திருக்கிறது, வால்வு இருக்கிற வண்டியில் வால்வு மூடியிருக்கலாம். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் அளவைப் பாருங்கள், அப்புறம் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒன்று கேட்டே ஆகவேண்டும்: யாராவது அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்களா? கீழ் நாட்டில் என்ஜின் கொதிக்கிறது என்று போனால் சில பாஸ்மார் (மெக்கானிக்குகள்) முதலில் செய்வது அதைத்தான். அது பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் 80 முதல் 90 பாகைக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாமல் நுவரெலியாக் குளிரில் ஓட்டினால் கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், என்ஜின் உரிய சூட்டுக்கு வரவே வராது. ஹீட்டரும் வராது, பெட்ரோலும் கூடக் குடிக்கும். இதைத் தெரியாமல் மோட்டாரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லிந்துலை மூடுபனி:

நன்றி அண்ணே. தொட்டுப் பார்த்தேன், இரண்டு குழாயும் கை வைக்க முடியாத சூடு. தெர்மோஸ்டாட் இருக்கிறது. காலையில் என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டுகிற நீல விளக்கு கொஞ்ச தூரத்திலேயே அணைந்துவிடுகிறது.

பழைய கியர், கம்பளை:

அப்ப ஃபிளாப் பக்கம்தான். வேறு சந்தேகமே வேண்டாம்.

குருநாகல் என்ஜின்:

என் கருத்தைச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். இந்த நாட்டில் ஹீட்டர் ஒரு அலங்காரச் சாமான். ஃபிளாப்பைக் குளிர்ப் பக்கம் ஒரு கம்பி போட்டு இறுக்கிவிட்டு மோட்டார் பிளக்கைக் கழற்றிவிட்டால் சத்தமும் நிற்கும், காசும் மிஞ்சும். இங்கே எத்தனையோ வண்டிக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம், ஒருத்தரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை.

கொத்மலைக்காரன்:

குருநாகலில் ஒருத்தரும் வந்து குறை சொல்லமாட்டார்கள்தான். அந்த வண்டியை அங்கே இருந்து ரம்பொடை ஏற்றத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

இங்கே நமக்கு ஹீட்டர் உடம்பைச் சூடாக்க இல்லை. கம்பளியைப் போட்டுக்கொண்டு போய்விடலாம். கண்ணாடிக்குத்தான் அது வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். தை, மாசியில் சில விடியல்களில் புல்லில் உறைபனியே விழும். வண்டிக்குள் நாலு பேர் மூச்சு, நனைந்த குடை, ஈரச் சப்பாத்து. கண்ணாடி வெளிக்குளிரில் நிற்கிறது. உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் அதில்தான் வந்து படியும். அதைப் போக்க வேண்டிய காற்று காய்ந்ததாகவும் இருக்கவேண்டும், சூடாகவும் இருக்கவேண்டும். ஏசி ஓடினால் குளிர் கொயிலில் ஈரம் தண்ணீராக இறங்கிக் காற்று காய்ந்துவிடும். காய்ந்த காற்று அடுத்து ஹீட்டர் கோரில் சூடாகிக் கண்ணாடிக்குப் போகும். ஏசியும் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்து, "ஏன் பெட்ரோலை வீணாக்குறீங்க" என்று கேட்பவர்கள் உண்டு. அதற்குத்தான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறான்.

இப்ப ஃபிளாப்பைக் குளிரில் கட்டிவிட்டீர்கள் என்று வைப்போம். மூடுபனியில் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்புகிறீர்கள். உள்பக்கம் கொஞ்சம் தெளியும். ஆனால் கண்ணாடி இன்னும் குளிர்ந்துபோகும், வெளியே இருக்கிற ஈரக் காற்று வெளிப்பக்கம் படியத் தொடங்கும். நுவரெலியாவில் இருந்து கம்பளைப் பக்கம் இறங்கும்போது இது இன்னும் மோசம், ஏனென்றால் கீழே போகப்போக வெளிக்காற்று வெப்பமும் ஈரமும் கூடியதாக இருக்கும். சரி, கை விறைக்கிறது என்று ஏசியை நிறுத்துவீர்கள். குளிர் கொயிலில் ஒட்டியிருந்த தண்ணீர் ஆவியாகி உள்ளே வரும், அடுத்த வளைவுக்குள் உள்பக்கம் மொத்தமாக மூடிவிடும். எதிரே பஸ் வருகிற வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கட்டித்தான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை என்றால் நடுவில் கொஞ்சம் சூட்டுப் பக்கமாகக் கட்டுங்கள். குளிரில் கட்டாதீர்கள்.

குருநாகல் என்ஜின்:

வெளிப்பக்கம் படிவது இங்கேயும் மழை நாளில் நடக்கும். நாங்கள் வைப்பரைப் போட்டுத் துடைத்துவிடுவோம். உள்பக்கம் மூடுவது அவ்வளவு பெரிய பிரச்சினை என்று எனக்குத் தெரியாது. மலையேறும் வண்டி என்றால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஊவா டீச்சர், பண்டாரவளை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வண்டியில் சூடு நன்றாக வருகிறது, டக் டக் சத்தமும் இல்லை. ஆனால் ஹப்புத்தளைப் பக்கம் பனியில் போகும்போது கண்ணாடி மூடிக்கொள்கிறது. பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது இன்னும் மோசம். இதற்கும் இந்த மோட்டார்தான் காரணமா?

பழைய கியர், கம்பளை:

உங்களுக்கு அது வேறு மோட்டாராக இருக்கும் டீச்சர். வெளிக்காற்று, உள்காற்று மாற்றுகிற மூன்றாவது ஒன்று சொன்னேனே, அது. அந்த ஃபிளாப் உள்காற்றுப் பக்கமே நின்றுவிட்டால், நீங்கள் விட்ட மூச்சுத்தான் திரும்பத் திரும்பச் சுற்றும். பட்டனில் விளக்கு மாறும், உள்ளே ஒன்றும் மாறாது.

இதைப் பார்ப்பது லேசு. குளோவ் பொக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கமும் உள்ளே அமுக்கிக் கீழே இறக்குங்கள். ஃபேன் இருக்கிற பெட்டி தெரியும். ஓனில் வைத்துவிட்டு, ஒருவர் பட்டனை அமுக்க மற்றவர் பெட்டியின் மேல் பகுதியில் ஃபிளாப்பின் தண்டு அசைகிறதா என்று பார்க்கவேண்டும். ஃபேனைக் கூட்டி வைத்தால் காதுக்கே தெரியும்: உள்காற்றுக்கு மாறும்போது இரைச்சல் கூடும். கையோடு ஏசி ஃபில்டரையும் உருவிப் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதுவும் அங்கேதான். நம்ம பக்கம் ஃபில்டர் தூசியால் அடைப்பதை விட ஈரத்தில் நாறி, பைன் ஊசியும் யூக்கலிப்டஸ் இலையும் சேர்ந்து அடைப்பதுதான் அதிகம்.

ஊவா டீச்சர், பண்டாரவளை:

தம்பியை அமுக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். தண்டு அசையவே இல்லை, சத்தமும் இல்லை. கையால் தள்ளினால் லேசாகப் போகிறது. இப்போதைக்கு வெளிக்காற்றுப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறேன். இன்று காலை பனிதான், ஆனால் கண்ணாடி மூடவே இல்லை. ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வயரிங் தம்பி, ஹட்டன்:

டீச்சருக்கும் மூடுபனி அண்ணனுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சத்தமே இல்லாத மோட்டார் என்றால் பிளக்கைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கலாம். பழைய வகையில் ஐந்து வயர் வரும். இரண்டு மோட்டாருக்கு, மூன்று நிலை காட்டுகிற பொட்டென்ஷியோமீட்டருக்கு. அந்த மூன்றில் இரண்டு ஓரத்துக்கு நடுவில் 5 வோல்ட் நிற்கும். மூன்றாவது வயர் ஃபிளாப் நகர நகரச் சீராக ஏறி இறங்கவேண்டும். இடையில் திடீரென்று பூச்சியத்துக்கு விழுந்து எழும்பினால் உள்ளே கரித்தடம் தேய்ந்துவிட்டது. மோட்டாருக்கான இரண்டு பின்னில் மட்டும் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டால் சுற்றும், மாற்றித் தொட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும். மற்ற மூன்று பின்னில் கரண்டை வைத்தால் மோட்டாரின் கதை முடிந்தது.

புதிய வண்டிகளில் எல்லா மோட்டாரும் ஒரே வயரில் பேசிக்கொள்கிற வகை வருகிறது, பிளக்குக்குள்ளேயே சின்ன சிப் இருக்கும். அதில் இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், ஸ்கேனர்தான். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் வயரிங் படம் தேடிப் பார்க்காமல் ஒன்றையும் தொடாதீர்கள்.

டொயோட்டா ஆட்டோ ஏசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி. பல மாடல்களில் ஆட்டோ பட்டனையும் உள்காற்றுப் பட்டனையும் சேர்த்து அமுக்கிக்கொண்டே சாவியை ஓனில் போட்டால், விளக்குகள் எல்லாம் 4 தடவை மின்னிவிட்டு ஏசி தன்னைத்தானே சோதிக்கத் தொடங்கும். 00 வந்தால் குறை இல்லை. 31, 41 இரண்டும் சூடு கலக்கிற ஃபிளாப் பக்கம்: முதலாவது நிலை காட்டுகிற சென்சர், மற்றது மோட்டார். 21 வந்தால் உடனே பயப்படாதீர்கள். அது டேஷ்போட் மேல் இருக்கிற வெயில் சென்சர், இருட்டான கராஜுக்குள் நின்றாலே வரும். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். நம்ம ஊரில் வெளிச்சத்துக்கு எங்கே போவது என்பது வேறு கதை.

ஸ்டியரிங்குக்குக் கீழே கை விடப் போகிறவர்கள் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, குறைந்தது 90 செக்கனாவது பொறுங்கள். மஞ்சள் பிளக்கும் மஞ்சள் வயரும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைக் கழற்றவும் வேண்டாம், மீட்டர் வைக்கவும் வேண்டாம்.

ராகலை ஹயர் வேன்:

எல்லாரும் பெரிசாகப் பேசுகிறீர்கள், எனக்கும் ஒன்று சொல்லுங்கள். சாதாரண ஏசி, சுற்றுகிற சுவிட்ச். ஃபேன் 1, 2, 3 ஒன்றிலும் வராது. 4 இல் மட்டும் முழு வேகத்தில் அடிக்கிறது. ஃபேன் மோட்டார் போய்விட்டது என்று ஒருத்தர் சொன்னார்.

வயரிங் தம்பி, ஹட்டன்:

4 இல் ஓடுகிறது என்றால் மோட்டார் போகவில்லை அண்ணே, ஃபேன் வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டர் போயிருக்கிறது. ஃபேனுக்குப் பக்கத்திலேயே காற்றுப் பாதையில் இரண்டு ஸ்குரூவில் நிற்கும், மலிவான சாமான். பிளக் உருகியிருக்கிறதா என்று பாருங்கள். உருகியிருந்தால் பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். அப்புறம் ஃபேன் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் அது கூடக் கரண்ட் இழுத்து, புது ரெசிஸ்டரையும் எரித்துவிடும். எல்லா ஸ்பீடிலும் ஓடாமல், பெட்டியைக் கையால் தட்டினால் மட்டும் ஓடுகிறது என்றால்தான் மோட்டாரின் கரி தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

லிந்துலை மூடுபனி:

கழற்றிவிட்டேன். டேஷ்போட்டை இறக்கவே இல்லை.

என் வண்டியில் அது சாரதி பக்கம், எக்ஸலேட்டருக்கு மேலே, நடுக் கொன்சோலை ஒட்டி இருக்கிறது. சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளிவிட்டு, தலையை பெடலுக்கு அடியில் வைத்து மல்லாக்கப் படுக்கவேண்டும். பக்கத்துப் பிளாஸ்டிக் மூடி ஒன்று, மோட்டாரைப் பிடிக்கிற மூன்று ஸ்குரூ, அவ்வளவுதான். மேலே இருக்கிற ஸ்குரூ கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கவேண்டும். சாதாரண ஸ்குரூ டிரைவர் நுழைய இடமில்லை. கட்டை டிரைவர் ஒன்று இருந்தால் போதும். கேஸைத் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

மோட்டார் மூடியைத் திறந்தால் சின்னதில் இருந்து பெரிசு வரை வெள்ளை கியர்கள். கடைசிக் கியரில் பக்கம் பக்கமாக மூன்று பல் இல்லை. அந்தப் பல் துண்டுகள் காய்ந்துபோன கிரீஸில் ஒட்டிக்கொண்டு மூலையில் கிடந்தன. கிரீஸ் மஞ்சளாகி மெழுகாக நின்றது, நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. மற்ற கியர்களுக்கு ஒன்றும் இல்லை.

பழைய கியர் அண்ணே, இப்ப கேள்வி: இந்தக் கியரை ஒட்டலாமா, மோட்டாரையே மாற்றுவதா?

பழைய கியர், கம்பளை:

அதற்கு முன்னால் ஃபிளாப்பைக் கையால் சுற்றிப் பார்த்தீர்களா? மோட்டார் கழன்றிருக்கிற நேரத்தில்தான் அதைப் பார்க்க முடியும். தண்டை ஒரு எல்லையில் இருந்து மறு எல்லை வரை திருப்புங்கள். விரலாலேயே போகவேண்டும். இரண்டு முனையிலும் "தொப்" என்று நிற்கவேண்டும். நடுவில் இறுகினால் புது மோட்டாரின் பல்லும் இதே கதிதான். பல் சும்மா உடையாது தம்பி.

லிந்துலை மூடுபனி:

சூட்டுப் பக்கம் கடைசியில் இறுகுகிறது. அதற்கு முன்னால் லேசாகத்தான் போகிறது.

கொத்மலைக்காரன்:

ஃபிளாப்பின் ஓரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்பொஞ்ச் உரிந்து மடங்கியிருக்கும். வென்டில் இருந்து கறுப்புத் தூள் பறந்து வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. டேஷ்போட் மேல் சாமிப் படம் வைத்துத் தினமும் பூ வைக்கிற வண்டிகளில், காய்ந்த பூ எல்லாம் கண்ணாடி வென்ட் வழியாகத்தான் உள்ளே போகும். ஊதுபத்திக் குச்சி, சில்லறைக் காசு, பேனா மூடி என்று ஃபிளாப் பெட்டிக்குள் ஒரு உண்டியலே இருக்கும். பூ வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, வென்டுக்கு மேல் ஒரு துண்டு வலையை வெட்டிப் போடுங்கள்.

லிந்துலை மூடுபனி:

கறுப்புத் தூள் கொஞ்ச காலமாக வருகிறது, நான் ரோட்டுத் தூசி என்று இருந்தேன். மோட்டார் இருந்த ஓட்டைப் பக்கத்தில் டோர்ச் அடித்துப் பார்த்தால், ஸ்பொஞ்ச் ஒரு பட்டையாக உரிந்து ஃபிளாப்புக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கி நிற்பது தெரிகிறது. நீளமான வளைந்த இடுக்கியால் மெதுவாக இழுத்து எடுத்தேன். தொட்டாலே விரலில் கறுப்பாக அப்பிக்கொள்கிறது. இப்ப ஃபிளாப் இரண்டு எல்லைக்கும் விரலாலேயே போகிறது.

பழைய கியர், கம்பளை:

அருமை. இதைச் செய்யாமல் மோட்டாரை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் பல் உடைந்திருக்கும். ஸ்பொஞ்ச் இல்லாததால் உச்சக் குளிர் வைக்கும்போது கொஞ்சம் சூடு கசியலாம், நம்ம பக்கத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

கியரை ஒட்ட முடியாது. அந்த வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சூப்பர் குளூ பிடிக்காது. பிடித்த மாதிரி இருக்கும், முதல் குளிரிலேயே விடும். மோட்டாரை மாற்றுங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓடிய வண்டிகள் எல்லாம் வயசாகிவிட்டன, இந்தப் பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாகக் காய்ந்து உடைகிற காலம் இது. அதனால் பழைய சாமானுக்குக் கேள்வி கூட.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் யூஸ்ட் மோட்டார் கிடைக்கும். கண்டிப் பக்கம் சாமான் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். வெள்ளை ஸ்டிக்கரில் இருக்கிற நம்பரைப் படமெடுத்து அனுப்புங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது என்று வாங்காதீர்கள். ஒரே உறையில், அதே வண்டியின் மற்ற ஃபிளாப்புக்கு வருகிற மோட்டார் வேறு கோணத்தில் நிற்கும். பிளக்கில் பின் எத்தனை, தண்டின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது, ஸ்குரூ போடுகிற காது எங்கே இருக்கிறது என்று மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கொத்மலைக்காரன்:

யூஸ்ட் வேண்டாம் என்பது என் கட்சி. அதுவும் உங்கள் கியரின் வயசுதானே? அதே காய்ந்த பிளாஸ்டிக். புது மாற்றுச் சாமான் கிடைத்தால் அதைப் போடலாம்.

பழைய கியர், கம்பளை:

புது மாற்றுச் சாமானில் பொட்டென்ஷியோமீட்டர் ஒழுங்காக இருப்பதும் இல்லாததும் அதிர்ஷ்டம். சூடு ஒரு நாள் சரியாக இருக்கும், ஒரு நாள் தானாக ஏறி இறங்கும். யூஸ்ட் என்றால் திறந்து, பல்லைப் பார்த்து, பழைய கிரீஸை வழித்துவிட்டு சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் தடவிப் போடலாம். கரித்தடத்துக்கு கொன்டாக்ட் கிளீனர் ஒரு அடி. பெயரிங் கிரீஸைப் போட்டுவிடாதீர்கள், குளிரில் இறுகும். கடைக்காரரிடம் "ஓடாவிட்டால் திருப்பித் தருவேன்" என்று சொல்லி வாங்குங்கள். நான் யூஸ்ட் பக்கம்தான், கொத்மலைத் தம்பி அவர் பக்கம் நிற்கட்டும்.

பதுளை ஹைபிரிட்:

ஒரு சின்னக் கேள்வி. என் ஹைபிரிட்டில் நுவரெலியாவில் இருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது சூடு குறைந்துகொண்டே போகிறது. ஏறும்போது நன்றாக இருக்கிறது. இதுவும் சர்வோவா?

வயரிங் தம்பி, ஹட்டன்:

இல்லை. இறக்கத்தில் என்ஜின் நின்றே வருகிறது, கூலன்ட் ஆறுகிறது. ஹீட்டர் கேட்டால் என்ஜின் தானாக ஓடிச் சூட்டைக் காப்பாற்றும், ஆனால் ஈக்கோவில் வைத்தால் அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இறக்கத்தில் பனி இருந்தால் முன் கண்ணாடி பட்டனை அமுக்குங்கள். பெட்ரோல் கொஞ்சம் போகும், பரவாயில்லை. ஏறும்போதும் சூடு வராவிட்டால் வந்து சொல்லுங்கள்.

லிந்துலை மூடுபனி:

யூஸ்ட் மோட்டார்தான் போட்டேன். நம்பர் அதே நம்பர். திறந்து பார்த்துக் கிரீஸ் மாற்றிவிட்டுத்தான் மாட்டினேன். முதலில் தண்டு ஃபிளாப்புக்கு நேராக உட்காரவில்லை. அமுக்காமல், பிளக்கை மட்டும் குத்தி, சூட்டை உச்சத்தில் வைத்து மோட்டார் அந்த எல்லைக்கு வந்ததும் ஃபிளாப்பையும் கையால் அதே எல்லைக்குத் திருப்பினேன். தானாக உட்கார்ந்தது. எல்லாம் மாட்டியபின் மறுபடி ஓனில் போட்டுவிட்டு எந்தப் பட்டனையும் தொடாமல் கொஞ்ச நேரம் விட்டேன். மோட்டார்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் எல்லையைத் தேடி நின்றன. டக் டக் இல்லை.

இன்று காலை நானுஓயாவில் நல்ல பனி. முன் கண்ணாடி பட்டன், ஏசி ஓன், வெளிக்காற்று, 26. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இருந்து தெளியத் தொடங்கி மேலே வரை போனது. துணி குளோவ் பொக்ஸில்.

ஒரு சந்தேகம் மிச்சம். காலுக்கு வைத்தாலும் கண்ணாடிக்குக் கொஞ்சம் காற்று போகிறது. முகத்துக்கு வைத்தால் போகவில்லை. அடுத்த மோட்டாரா?

பழைய கியர், கம்பளை:

இல்லை, அது அப்படித்தான் செய்திருக்கிறான். காலுக்கு வைத்தால் பல வண்டிகளில் கொஞ்சம் கண்ணாடிக்கும் விடும், மூடிவிடக் கூடாது என்று. அதைத் தொடாதீர்கள்.

ஊவா டீச்சர், பண்டாரவளை:

தம்பி, உங்கள் பழைய மோட்டாரை எறிந்துவிட்டீர்களா? என்னுடையதின் நம்பரைப் பார்த்தேன், கடைசி எழுத்து மட்டும்தான் வேறு.

லிந்துலை மூடுபனி:

வைத்திருக்கிறேன் அக்கா. கடைசிக் கியர்தான் போய்விட்டது, உள்ளே இருக்கிற சின்ன மோட்டார் 9 வோல்ட்டில் நன்றாகச் சுற்றுகிறது. உங்களுடையதில் கியர் நன்றாக இருந்து மோட்டார் மட்டும் செத்திருந்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கலாம். முதலில் வயரிங் தம்பி சொன்னபடி உங்கள் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்த்துவிடுங்கள். வருகிறது என்றால் தனிச் செய்தி போடுங்கள், பண்டாரவளை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.